ஆறு ஒன்றும் கண்மாய் இல்லை

ஊர்க் கண்மாயில் மீன் இல்லையென்றால் யாரும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதில்லை. மழை பெய்து தண்ணீர் நின்றதும் குத்தகைக்காரர் மீன் பண்ணைக்குப் போய் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி வந்து விடுவார். ஆறேழு மாதத்தில் குஞ்சு கிலோக் கணக்கில் ஆகும். கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. வலை, ஊத்தா, வேட்டி என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கும். ஒரு மீன் மிஞ்சாது. மிஞ்சினாலும் சேற்றில் வெந்து சாகப்போவதுதான். அடுத்த மழைக்கு மறுபடி குஞ்சு.

கண்மாய்க்கு இந்தக் கணக்கு ரொம்பச் சரி. அங்கே மீன் ஒரு பயிர் மாதிரி. விதைக்கிறோம், அறுக்கிறோம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இதே கணக்கை ஆற்றுக்கும் கொண்டுபோகும்போது. 'ஆற்றில் மீன் குறைந்துவிட்டதா, லட்சம் குஞ்சு விடுங்கள்' என்பது எல்லா நாட்டிலும் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். தலைவர் ஒருவர் வாளியைச் சாய்ப்பார், குஞ்சுகள் வெள்ளியாக மின்னிக்கொண்டு தண்ணீரில் இறங்கும், மறுநாள் படம் வரும். ஆனால் ஆற்றில் மீன் ஏற்கெனவே தானாகப் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டுக்கொண்டிருந்தால் இந்த வாளி உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். இதை இரண்டு ஆறுகள் சோதித்துக் காட்டியிருக்கின்றன. ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று நம் காவிரி. முதல் ஆற்றில் சோதனை என்று தெரிந்தே செய்தார்கள். காவிரியில் தெரியாமல் செய்தோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மீன் கடையில் நாம் 'ஆற்று மீனா, வளர்ப்பு மீனா?' என்று கேட்போம் இல்லையா, அந்த வேறுபாடுதான் இந்தக் கட்டுரை முழுக்க. ஆற்று மீன் என்றால் அந்த ஆற்றிலேயே முட்டையிலிருந்து வந்தது. வளர்ப்பு மீன் என்றால் சிமென்ட் தொட்டியில் பொரித்து, தீனி போட்டு வளர்த்து, லாரியில் கொண்டுவந்து விட்டது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: ஆற்றில் தானாகப் பிறக்கும் மீன் எல்லாம் அந்த ஆற்றுக்குச் சொந்தமானது என்று சொல்லிவிட முடியாது. நீலகிரி ஓடைகளில் உள்ள ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. காவிரியில் பிடிபடும் கட்லாவும் வெளியூர் மீன்தான். 'தானாகப் பிறப்பது' வேறு, 'மண்ணுக்குச் சொந்தமானது' வேறு. காவிரிக் கதைக்கு வரும்போது இது தேவைப்படும்.

மாடிசன் ஆற்றுச் சோதனை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மாடிசன் என்றொரு ஆறு. ட்ரவுட் மீனைத் தூண்டிலில் பிடிக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரும் இடம். பிடித்துச் சாப்பிட என்பதைவிட, பிடிக்கும் சுகத்துக்காக வருபவர்களே அதிகம். இதைப் பொழுதுபோக்குத் தூண்டில் மீன்பிடிப்பு என்பார்கள். தங்கும் விடுதி, தூண்டில் கடை, படகு, வழிகாட்டி என்று ஊர்ப் பிழைப்பே இதைச் சுற்றித்தான்.

இவர்களைத் திருப்திப்படுத்த மாநில மீன்துறை பல ஆண்டுகளாகப் பண்ணையில் வளர்த்த ரெயின்போ ட்ரவுட் மீன்களை லாரி லாரியாக ஆற்றில் விட்டுவந்தது. குஞ்சுகளாக விடவில்லை. விட்ட மறுநாளே தூண்டிலில் மாட்டும் அளவுக்கு வளர்ந்த மீன்கள்.

1960களின் இறுதியில் டிக் வின்சென்ட் என்ற உயிரியலாளர், அந்தத் துறையின் ஊழியர், ஆற்றில் எத்தனை மீன் இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார். எண்ணிப் பார்த்தபோது ஒரு விஷயம் இடித்தது: மீன் விடப்படும் பகுதியில் ஆற்று மீன் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. சரி, சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு வேலை செய்தார்கள். வருடா வருடம் மீன் விட்டுக்கொண்டிருந்த மாடிசனின் ஒரு பகுதியில் விடுவதை நிறுத்தினார்கள். அதுவரை மீனே விடாத பக்கத்து ஓடெல் ஓடையில் விட ஆரம்பித்தார்கள்.

நிறுத்திய இடத்தில் வளர்ந்த ஆற்று மீன்கள் சில ஆண்டுகளிலேயே இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகின. விட ஆரம்பித்த ஓடெல் ஓடையில் அங்கேயே பிறந்து வாழ்ந்துவந்த பிரவுன் ட்ரவுட் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

கேட்பதற்கே தலைகீழாக இருக்கிறது. மீன் விட்டால் மீன் குறையுமா? ஆற்றின் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் வியப்பு போய்விடும்.

ஓடும் ஆற்றில் நல்ல இடம் கொஞ்சம்தான். ஒரு பாறைக்குப் பின்னால் நீரோட்டம் தணியும்; அங்கே நின்றால் நீந்தும் சிரமம் இல்லை, இரை மட்டும் மிதந்து பக்கத்தில் வரும். ட்ரவுட்டுகளுக்குள் அந்த இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. பெரியது நல்ல பாறையைப் பிடித்துக்கொள்ளும், சிறியது அடுத்த பாறைக்குப் போகும். பேருந்தில் ஜன்னல் சீட்டு மாதிரி. தினமும் சண்டையில்லை, அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். இந்தப் பேருந்தில் திடீரென்று நூறு பேரை ஏற்றிவிட்டால்? தொட்டியில் நெருக்கியடித்து வளர்ந்த மீனுக்கு இந்த மரியாதை எதுவும் தெரியாது. எல்லாரையும் இடிக்கும், துரத்தும், துரத்தப்படும். ஆற்று மீன் தன் இடத்தைக் காப்பதிலேயே உடம்பில் உள்ள சத்தைச் செலவழிக்கும் அல்லது இடத்தை விட்டுப் போகும். வளர்ப்பு மீனோ மிதந்து வரும் இரையைத் தின்னவும் தெரியாமல், நாரையின் நிழலைக் கண்டு ஒளியவும் தெரியாமல், பெரும்பாலும் சில வாரங்களிலேயே செத்துப்போகும். இதற்கு நடுவில் 'லாரி வந்துவிட்டது' என்ற செய்தி கேட்டுத் தூண்டில்காரர்களும் கூட்டமாக வருவார்கள். அவர்கள் தூண்டில் ஆற்று மீனுக்கும் சேர்த்துத்தான்.

ஆக, வந்தவன் இருக்கவுமில்லை, இருந்தவனை இருக்கவிடவும் இல்லை.

ஒரு ஆறு எத்தனை மீனைத் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் தண்ணீர், பாறை, நிழல், பூச்சி, முட்டையிட ஏற்ற கூழாங்கல் பரப்பு. இதைத் தாங்குதிறன் என்பார்கள். அந்த அளவு நிறைந்த ஆற்றில் கூடுதலாகக் கொட்டுவது நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். மீன் அதிகம் வேண்டுமென்றால் குடத்தைப் பெரிதாக்க வேண்டும். அணையிலிருந்து திறக்கும் நீரைச் சீராக்குவது, கரை மரங்களை விட்டுவைப்பது, மாடுகள் கரையைச் சரிக்காமல் வேலி போடுவது போன்ற, யாரும் படம் பிடிக்க வராத வேலைகள் அவை.

விடுதிக்காரர்கள், கடைக்காரர்கள், சில தூண்டில்காரர்கள் எல்லாரும் கொதித்தார்கள். மீன் விடுவதை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். ஆனாலும் 1974ல் மொன்டானா துணிந்தது: ஆற்று ட்ரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்திவிட்டது. ஐம்பது ஆண்டு ஆகிறது. மாடிசனுக்கு இன்றும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே மொன்டானா ஏரிகளில் மட்டும் இன்றுவரை மீன் விடுகிறது, ஏனென்றால் பல ஏரிகளில் ட்ரவுட் முட்டையிட வழியில்லை. கண்மாய்க் கணக்கு கண்மாய்க்கு, ஆற்றுக் கணக்கு ஆற்றுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வளர்ப்பு மீனோடு கூடவே வரும் வேறு இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று நோய். ட்ரவுட் குஞ்சின் குருத்தெலும்பைத் தின்று அதைச் சுழன்று சுழன்று நீந்த வைக்கும் ஓர் ஒட்டுண்ணி ஐரோப்பாவிலிருந்து 1950களில் அமெரிக்காவுக்கு வந்தது. அங்கே அது பரவியதில் பண்ணை மீன்களை இடம் மாற்றியதற்குப் பெரிய பங்கு உண்டு. 1994ல் அது மாடிசனிலேயே கண்டுபிடிக்கப்பட்டது, அங்கே ரெயின்போ ட்ரவுட் சில பகுதிகளில் 90 விழுக்காடு வரை வீழ்ந்தது. இன்னொன்று பரம்பரை. தொட்டியில் பிழைக்கும் மீன் தொட்டிக்கேற்ற மீன். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஸ்டீல்ஹெட் என்ற, கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரவுட் மீன்களை மரபணு வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து 2007ல் ஓர் ஆய்வு வந்தது. பண்ணையில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் வெற்றிகரமாக வாரிசு விடும் திறன் சுமார் 40 விழுக்காடு குறைகிறது என்று அது கண்டது. இந்த மீன் ஆற்று மீனோடு கலந்தால் ஆற்று மீனின் பரம்பரையும் நீர்த்துப்போகும்.

ஆற்று மீனை எப்படி எண்ணுவது?

வின்சென்ட் எண்ணினார் என்றேன். ஓடும் தண்ணீரில் ஒளிந்திருக்கும் மீனை எப்படி எண்ண முடியும்? எல்லாவற்றையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், கொஞ்சம் கணக்கு சேர்த்து.

ஒரு நாள் 100 மீனைப் பிடித்து, துடுப்பின் ஓரத்தில் துளி வெட்டி அடையாளம் இட்டு, திரும்ப விடுகிறோம். அவை ஆற்றில் கலந்துவிடச் சில நாள் பொறுக்கிறோம். மறுபடி போய் 80 மீன் பிடிக்கிறோம். அவற்றில் 20ல் நம் அடையாளம் இருக்கிறது. பிடித்ததில் நாலில் ஒன்று நாம் குறியிட்டது. அப்படியென்றால் ஆற்றில் உள்ளதிலும் நாலில் ஒன்றுதான் நாம் குறியிட்டதாக இருக்கும். நாம் குறியிட்டது 100. ஆகவே அந்தப் பகுதியில் மொத்தம் சுமார் 400 மீன். பள்ளிக்கூடப் பிள்ளைகளே போட்டுவிடும் கணக்கு.

பிடிப்பதற்குப் படகிலிருந்து தண்ணீரில் அளந்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். மீன் சில நொடி மயங்கி மிதக்கும், கைவலையில் அள்ளி அளந்து விட்டால் தெளிந்து போய்விடும். நம் பக்கம் பேட்டரி வைத்து மீன் பிடிக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றல்ல. அது குஞ்சோடு கூண்டோடு கொல்லும் வேலை.

எண்ணும்போது மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்த வயதில் எத்தனை, எந்த இனத்தில் எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்காமல் மொத்தத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் காவிரி.

காவிரியின் திமில் மீன்

கெண்டைக் குடும்பத்தில் மஹ்சீர் என்றொரு மீன். இந்தியாவில் பல ஆறுகளில் பல இனங்களாக உண்டு. சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் பக்தர்கள் பொரி போட, கூட்டமாக வந்து வாய் பிளக்குமே, அந்த வகை. காவிரிக் கரையின் கன்னடக்காரர்கள் 'பிளி மீனு' என்பார்கள், வெள்ளை மீன்.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும் இருந்த மஹ்சீர் ஒன்றுக்குத் தலைக்குப் பின்னால் முதுகு எழும்பித் திமில் மாதிரி நிற்கும். துடுப்பு ஆரஞ்சு நிறம். உலகத்திலேயே மிகப் பெரிதாக வளரும் மஹ்சீர் அதுதான். 1946ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட மஹ்சீர்களில் இன்றுவரை அதுதான் பெரியதாகச் சொல்லப்படுகிறது. இரை என்ன தெரியுமா? காவிரியில் மஹ்சீருக்குப் பேர்போன இரை கேழ்வரகு உருண்டைதான். களி மாதிரி கிண்டி, உருட்டி, முள்ளில் பொதித்துப் பரிசலிலிருந்தோ பாறையிலிருந்தோ வீசுவார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீனை வெளியுலகம் மறந்தேபோனது. ஆற்றில் அணைகள் வந்தன. மழைக்கால வெள்ளத்தில் எதிரேறிப் போய்க் கூழாங்கல்லில் முட்டையிடும் மீனுக்கு அணை என்பது மூடிய கதவு. அப்புறம் வெடி. ஒரு மடுவில் ஒரு வெடி போட்டால் தாத்தா முதல் பேரன் வரை மிதக்கும். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. காட்டுக்குள் ஓடும் ஆற்றில் சட்டத்தை யார் காவல் காப்பது?

காத்தது தூண்டில்காரர்கள். 1972ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் என்ற பெங்களூர் அமைப்பு கர்நாடகக் காவிரியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. 1970களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த சிலர் பெரிய மஹ்சீர்களைப் பிடித்துக் காட்ட, வெளிநாட்டவர் வர ஆரம்பித்தார்கள். பீமேஸ்வரி, தொட்டமகளி, காலிபோர் என்று ஆற்றோரம் முகாம்கள் வந்தன. பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்பு திருட்டு மீன் பிடித்தவர்களில் பலர் அங்கே காவலாளியாகவும் வழிகாட்டியாகவும் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். எந்த மடுவில் எந்தப் பாறைக்கடியில் எந்த மீன் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? செத்த மீனைவிட உயிரோடு இருக்கும் மீனுக்கு அங்கே விலை அதிகமானது. உண்மையிலேயே அழகான ஏற்பாடு.

ஆனால் அதே காலத்தில், அதே நல்ல மனதோடு, வாளியும் வந்தது. மஹாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் உள்ள பொரிப்பகத்தில் டெக்கான் மஹ்சீர் என்ற வேறோர் இனத்தைச் செயற்கையாகக் கருத்தரிக்க வைப்பதில் வெற்றி கண்டிருந்தார்கள். கிருஷ்ணா நதிப் படுகையைச் சேர்ந்த, நீலம் பாய்ந்த துடுப்புள்ள மீன் அது. மஹ்சீர் குறைகிறது, மஹ்சீர் குஞ்சு கிடைக்கிறது, விடுவோம். 1976 முதல் காவிரியில் விட்டார்கள். எல்லாம் மஹ்சீர்தானே என்ற எண்ணம். எல்லாம் கெண்டைதானே என்று நாம் சொல்வதில்லையா, அப்படி.

முகாமில் ஒரு பழக்கம் இருந்தது. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன கிடைத்தது, எடை எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பார்கள். காலிபோர் முகாமின் 1998 முதல் 2012 வரையான குறிப்பேடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலான ஆய்வாளர்கள் பின்னாளில் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 23,620 மணி நேரம், 6,161 மஹ்சீர். நாலு மணி நேரத்துக்கு ஒரு மீன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறியிருந்தது. காவலும் விதியும் வேலை செய்திருக்கின்றன. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

பிறகு நிறத்தைப் பார்த்துப் பிரித்தார்கள்.

ஏறியதெல்லாம் நீலத் துடுப்பு. ஆரஞ்சுத் துடுப்பு, காவிரியின் சொந்தத் திமில் மீன், வருடா வருடம் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். பிடிபட்ட திமில் மீன்களின் சராசரி எடை ஏறியிருந்தது. பெரிய மீன் கிடைக்கிறதென்று தூண்டில்காரர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அதன் பொருள் வேறு: குஞ்சுகள் வரவில்லை, இருப்பவை கிழடுகள் மட்டுமே. ஓர் ஊரில் சராசரி வயது ஏறிக்கொண்டே போய், கடைசியில் பள்ளிக்கூடத்தையும் மூடுகிறார்கள் என்றால் அந்த ஊருக்கு என்ன நடக்கிறதோ, அதுதான் அந்த மீனுக்கும்.

திமில் மீனின் வீழ்ச்சிக்கு நீலத் துடுப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அணை, மணல் அள்ளுதல், வெடி எல்லாம் சேர்ந்தவை. ஆனால் காலியான ஜன்னல் சீட்டுகளில் வந்து உட்கார்ந்தது யார் என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கூட்டம் கண்ணை மறைத்ததால்தான் இத்தனை ஆண்டும் யாருக்கும் இழப்பு தெரியவில்லை. என்னைக் கேட்டால் மாடிசனைவிடக் காவிரியின் பாடம் கொடுமையானது. அங்கே எண்ணிக்கை குறைந்து எச்சரித்தது. இங்கே எண்ணிக்கை ஏறியே ஏமாற்றியது.

இன்னொரு கூத்து: உலகமே தேடிவந்த இந்த மீனுக்கு அறிவியல் பெயரே உறுதியாகாமல் இருந்தது. பெயர் இல்லாத மீனை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான உலகச் செந்நிறப் பட்டியலில் சேர்க்க முடியாது. 2018ல்தான் பிண்டர் குழுவினர், கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த டார் ரெமாதேவி என்ற மீனும் இந்தத் திமில் மீனும் ஒன்றே என்று நிறுவினார்கள். பாம்பாறு வடிந்து அமராவதியாகிக் காவிரியில் சேருவது. பெயர் கிடைத்த அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் அது ஏறியது.

முகாம்கள்? காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது வனவிலங்குச் சட்டப்படி செல்லாது என்ற நிலை வந்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகத் தூண்டிலை மூட்டை கட்டின. சரணாலயத்தில் விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டுவது தகுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தூண்டில்காரர் போனதோடு அவர்கள் கொடுத்த காவலும் போனது, வெடிக்காரர் திரும்பினார் என்று மறு தரப்பு சொல்வதும் வெறும் சாக்கு இல்லை. குறிப்பேடும் அத்தோடு நின்றதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

தூண்டில்காரரை எப்படிக் கட்டுப்படுத்துவது?

அமெரிக்காவில் இந்தக் காவலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துகொள்ள வேண்டியது. தூண்டில் போட உரிமச் சீட்டு வாங்க வேண்டும். அது போக, 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி தூண்டில் தடி, சுருள் போன்றவற்றின் விலையிலேயே ஒரு வரி இருக்கிறது. அது மாநில மீன்துறைகளுக்குப் பிரிந்து போகிறது. மீனைப் பிடிப்பவரே மீனை எண்ணுபவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

விதிகளில் எல்லாருக்கும் தெரிந்தது தடைக்காலம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாதே, அதுதான். நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற வரம்பும் புரிந்துகொள்ள எளிது.

கொஞ்சம் யோசிக்க வைப்பது அளவு விதி. 'சின்னதை விட்டுவிடு, பெரியதை எடுத்துக்கொள்' என்பதுதான் பழைய விதி. குழந்தையை விட்டுவிடு என்பது போல நியாயமாகவும் தெரியும். ஆனால் மீன் விஷயத்தில் பெரிய பெண் மீன்தான் குடும்பத்தின் சொத்து. காட் என்ற கடல் மீனில் 30 கிலோ உள்ள ஒன்று இடும் முட்டை, 2 கிலோ காட் மீன்கள் 28 சேர்ந்து இடும் முட்டையைவிட அதிகம் என்று 2018ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த 28ஐயும் தராசில் போட்டால் 56 கிலோ! பெரியவளை எடுப்பது கிணற்றையே தூக்கிக்கொண்டு போவது மாதிரி.

அதனால் பல இடங்களில் இப்போது நடு அளவு விதி வைக்கிறார்கள். சின்னதையும் விடு, பெரியதையும் விடு, நடுவில் உள்ளதை வேண்டுமானால் எடு. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற கோடு போட்ட மீனுக்கு 2020ல் கடல் பகுதியில் 28 முதல் 35 அங்குலம் வரை என்று வைத்தார்கள். போதவில்லை என்று 2023ல் மேல் வரம்பை 31 அங்குலமாக்கினார்கள். இந்த மீனுக்கு முன்கதை ஒன்று உண்டு. 1973ல் உச்சத்தில் இருந்த பிடிப்பு பத்தே ஆண்டில் கால் பங்குக்கும் கீழே போனது. மேரிலாந்து மாநிலம் 1985ல் அந்த மீனைத் தொடவே கூடாது என்று தடை போட்டு, 1982ல் பிறந்த தலைமுறை வளர்ந்து முட்டையிடும்வரை காத்திருந்தது. 1995ல் மீன் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். 2019ல் மறுபடி அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டது என்றும் அறிவித்தார்கள்.

பிடித்து விட்டுவிடுவது என்பதிலும் விவரம் உண்டு. விட்ட மீன் எல்லாம் பிழைத்துவிடாது. தூண்டில் முள்ளில் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைக் குறட்டால் நசுக்கிவிட்டால் முள் சதையைக் கிழிக்காமல் வரும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அந்த வழுவழுப்புதான் அதற்கு நோயைத் தடுக்கும் தோல். படம் எடுக்கத் தூக்கினால், தூக்கும்போது உங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது அதற்கு எப்போதோ முட்டியிருக்கும். விடும்போது வீசக் கூடாது. நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டிருந்தால் தெம்பு வந்ததும் தானே கையை உதறிக்கொண்டு போகும்.

தண்ணீர் சூடாக இருந்தால் இதெல்லாம் செய்தும் பயனில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் மூச்சு வாங்க முடியாமல் சாகும். அதனால் மொன்டானாவில் ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டிலுக்குத் தடை போடுவார்கள். ஆந்தை நேரக் கட்டுப்பாடு என்று அதற்குச் செல்லப் பெயர். விடியற்காலையில் மட்டும் போய்க்கொள் என்று பொருள்.

அப்படியானால் காவிரியில் திமில் மீன் குஞ்சு விடவே கூடாதா?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சொந்த இனம் அற்றுப்போன ஆற்றில், அதே இனத்தின் தாய் மீன்களிடமிருந்து குஞ்சு எடுத்து, போன காரணத்தையும் சரிசெய்துவிட்டு விடுவது வேறு வகை. அதற்கு எதிராக யாரும் பேசமாட்டார்கள். ஆனால் தாய் மீன் வேண்டுமே. நாலைந்து ஜோடியிலிருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சு எடுத்தால் ஆறு முழுக்க உடன்பிறப்புகள்தான் இருக்கும்.

திமில் மீன் இன்னும் இருப்பதாக ஆய்வாளர்கள் உறுதிசெய்த இடங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது: மோயாறு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கில் ஓடிப் பவானிசாகரில் விழும் ஆறு. அங்கே மொத்தம் எத்தனை, அதில் முட்டையிடும் வயதுப் பெண் எத்தனை, குஞ்சு வருகிறதா இல்லையா, இதெல்லாம் தெரிந்தால்தான் ஒரு ஜோடியையாவது எடுக்கலாமா என்று பேச முடியும். 100ஐப் பிடி, குறியிடு, விடு, மறுபடி 80ஐப் பிடி. காகிதத்தில் பள்ளிக்கூடக் கணக்குதான். மோயாற்றில் அதைப் போடப் பரிசலில் இறங்குபவர் முதலையையும் கரையில் தண்ணீர் குடிக்க வரும் யானைக் கூட்டத்தையும் பார்த்துத்தான் துடுப்புப் போட வேண்டும்.